சரி என்று அனுப்பிய மெயில்

12.8.2003, செவ்வாய்

சிறுதானியத் திட்டத்தில் என் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. இன்று நாமக்கல் பிரவுசிங் சென்டரில் மீராவின் மெயில் பார்த்தேன். இரண்டு வருடமாக எழுதிக்கொள்கிறோம், முகம் பார்த்ததில்லை. புனேயில் அவள் அலுவலகத்தில் வேலை இருக்கிறதாம், தங்க விடுதியும் உண்டாம். உடனே சரி என்று அனுப்பிவிட்டேன்.

பஸ்ஸில் மலையேறி ஊருக்கு வந்து இறங்கினால் ஸ்டாப்பிலேயே என் நாய் மணி படுத்திருந்தான். பக்கத்து வீட்டுச் செல்லம்மா சிரித்தாள். "ஏனுங்கக்கா, உங்க நாயி காலைல இருந்து சோறே திங்கலீங்க. வர்ற பஸ்ஸுல எல்லாம் ஏறிப் பாக்குது. டிக்கெட் எடுக்கச் சொல்லுன்னு கண்டக்டரு வெரட்டறாரு."

விடுதியில் நாயை விடமாட்டார்கள். அதை நான் நினைக்கவேயில்லை. நாளை பத்து மணிக்கு மீரா அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லிவிடுவாள். அவள் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. தடுக்க வேண்டுமானால் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் போய் மெயில் அனுப்பித்தான் ஆக வேண்டும். தடுத்தால் வேறு வேலை இல்லை.

முதல் பஸ் ஐந்தரைக்கு; அதில் போகிறேன். மணி என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறான். அவனை எழுப்பாமல் செருப்பை எப்படி எடுப்பது?