பாஞ்சாலி மோட்டாரில் ஐந்து நட்சத்திரம்

விழுப்புரம்,
13-2-2011, ஞாயிறு.

அன்புள்ள அம்பிகாவுக்கு,

காசு கட்டாத மின்சாரத்தை ஒரு விவசாயி எதற்காக மிச்சம் பிடிக்க வேண்டும்? போன மாதம் டில்லியிலிருந்து போனில் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன், எனக்குத் தெரியவில்லை. பாங்காக்கில் உன்னோடு உட்கார்ந்திருக்கும் பதினான்கு நாட்டுக்காரர்களில் யாருக்காவது தெரிந்தால் எழுது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் வளரும் நாடுகளின் மின்சிக்கனக் கொள்கைக்கு வருஷா வருஷம் பயிலரங்கு எதற்கு?

இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சங்கவிக்கு அடுத்த மாதம் பிளஸ் டூ பரீட்சை. பௌதிகம் மட்டும் என்னிடம் கேட்க மாட்டாளாம். நான் விளக்கினால் தூக்கம் வருகிறதாம்.

நீ அனுப்பிய படத்தைக் கல்லூரிக் கணினியில் பார்த்தேன். முன்னால் உன் பெயர் எழுதிய அட்டை, மைக், தண்ணீர் பாட்டில். நீலப் புடவை உனக்கு நன்றாக இருக்கிறது. துறையில் எல்லோரும் எட்டிப் பார்த்து, உங்கள் தோழியா மேடம் என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படத்தை மூடினேன்.

ஒவ்வொரு பயிலரங்கிலிருந்தும் எனக்கு ஒரு துணிப்பை கொண்டுவந்து தருகிறாய். மணிலா பையில் துவரம்பருப்பு இருக்கிறது. நைரோபி பை பெரியது, அதில் நம்மூர் மல்லாட்டை, விதைக் கடலை, கொட்டி வைத்திருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, பைகள் உறுதியானவை. ஆனால் பையைத் தூக்கும்போதெல்லாம் அந்த ஊர்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

93-இல் கோலியனூர் சுற்றுவட்டாரத்தில் மின்சாரக் கணக்கெடுக்க மோட்டார் மோட்டாராக நாம் இருவரும்தான் அலைந்தோம். முதல் பயிலரங்குக்கு ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். சங்கவி அப்போது வயிற்றில். நீ போனாய். அதில் உன் தவறு எதுவும் இல்லை என்று எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்தும் பயன் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் நிறுவனம் போன வருஷம் இங்கே விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பத்து மின்சிக்கன மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தாய். பத்தும் நன்றாக ஓடுகின்றன, மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று நாளை மதியம் நீ அந்த மேடையில் சொல்லப்போகிறாய். சங்கவி பரீட்சை, கல்லூரி வேலை என்று இரண்டு மாதமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. இன்று காலை போனேன்.

அந்தப் பத்தில் ஒன்றை வாங்கிய பாஞ்சாலி நிலத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம்தான் வேறாக இருந்தது. கிட்டே போனால் அவளுடைய பழைய மோட்டார். அதன் மேல் மின்சிக்கனத்துக்கான ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கிறது. புதுசு, உள்ளே காயில் கம்பி கருகி, சாக்கு போர்த்திக்கொண்டு கொட்டகையில் கிடக்கிறது. அதிலிருந்து பிய்த்துப் பழசில் ஒட்டியிருக்கிறாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "ஆபீசருங்க வந்தா ஸ்டிக்கரத்தானே பாக்குறாங்க டீச்சரம்மா, மோட்டார எவன் பாக்குறான்? உங்க மோட்டாரு தங்கந்தான், இல்லன்னு சொல்லல. எங்க கரண்டு அதுக்கு ஒத்துக்கல. லோ வோல்டேஜில மொனகிக்கினு நின்னுச்சு, பொகை வந்துச்சு, பூடுச்சு. பழசு எருமைங்க, எதப் போட்டாலும் தின்னுக்கினு ஓடும்" என்றாள்.

கூடவே நின்று, வோல்டேஜ் குறைந்ததும் அணைத்திருக்கலாமே என்றேன். "கரண்டு எப்ப வரும்னு மோட்டாரு மொகத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தா மாட்டுக்கு யாரு தண்ணி காட்றது? ஆட்டோ சுவிச்சுல போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். கரண்டு வந்தா அதுவே ஓடும், போனா அதுவே நிக்கும்" என்று சிரித்தாள். கிளம்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். "டில்லி அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, பேஜாராப் பூடும்."

மற்ற ஒன்பதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மொத்தம் ஆறு எரிந்துவிட்டன.

பிற்பகல் முழுவதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உனக்குக் கூப்பிடாமல் இருந்தேன். அந்த மேடையில் நீ பத்து என்று சொல்வதையும், ஆறு எரிந்த செய்தி பிறகு வெளியே வருவதையும் நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால்தான் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இது உன் டில்லி வீட்டுக்குத்தான் வரும். நீ திரும்பி வந்துதான் படிப்பாய். இவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "பொறாமைக்குத் தபால்தலை வேற ஒட்டப்போறியா?" என்று கேட்டார்.

பேச்சு எப்படி முடிந்திருந்தாலும் உன் மேல் யாரும் கோபப்படாமல் இருக்கட்டும். உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன் என்று நம்ப முயற்சி செய்.

இப்படிக்கு,
உன்
சித்ரா

திங்கள் இரவு.

உறையை ஒட்டவில்லை. இன்று நடந்ததையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் திண்டிவனத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, நிலையத்து வாசலிலேயே நின்று உனக்குக் கூப்பிட்டேன். ஆறு மோட்டார், ஸ்டிக்கர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "ஏண்டி, நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாய். புதுச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

மாலையில் நீயே கூப்பிட்டாய். எழுதி வைத்திருந்ததை ஓரமாக வைத்துவிட்டு, எரிந்த மோட்டார்களையும் பாஞ்சாலியின் ஸ்டிக்கரையும் பற்றியே பேசினாயாம். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்றாம். எங்கள் ஊரிலும் இதே கதைதான் என்று வங்கதேசத்துக்காரரும் கென்யாக்காரரும் எழுந்தார்களாம். முதலில் வோல்டேஜ், பிறகுதான் மோட்டார் என்று தீர்மானத்தையே மாற்றி எழுதுகிறார்களாம். அடுத்த வருஷப் பயிலரங்கை நடத்தும் பொறுப்பும் உனக்கே வந்திருக்கிறதாம். மூச்சு விடாமல் சொன்னாய். இவ்வளவு சந்தோஷமாக நீ பேசிக் கேட்டு வருஷக்கணக்காகிறது.

இதை உனக்கு யார் சொன்னார்கள் என்று அங்கே சொன்னாயா? அதைக் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நீயாகவும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.