மூலை உடைந்த காயில்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று கிள்ளானில் உள்ள கார் பட்டறையில் இருந்தவர்கள் மூவர்: நான், மகன் சேகர், மெக்கானிக் மணியம்.

ஆபரேஷனுக்கு முன் என் அக்காவைப் பார்க்க சுபாங் ஜெயா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தோம்; ஓடும்போது கார் உதறியது. இரண்டாவது சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை என்றார் மணியம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி தர ஒரு காயில் இருக்கிறது. இரண்டாவதில் இருந்த, மூலை உடைந்த காயிலையும் மூன்றாவதில் இருந்ததையும் இடம் மாற்றி மாட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கோளாறும் மூன்றாவதற்குப் போய்விட்டது.

"காயில்தான் போச்சு, பாஸ்," என்றார்.

அப்போது அவருக்குப் போன் வந்தது. பேசி முடித்தவர், இரண்டாவதில் இருந்ததைக் கழற்றிவிட்டுப் புதுக் காயிலை அங்கே மாட்டினார்.

"தம்பி, ஒடஞ்ச காயில் பக்கத்துல மூணாவதுலதானே இருக்கு?" என்றேன் மணியத்திடம்.

மணியம் குனிந்து பார்க்கப் போனார்.

"ஒங்களுக்கு என்னம்மா தெரியும்? சும்மா இருங்க லா. நேரமாச்சு," என்று சேகர் சாவியை வாங்கிக்கொண்டான்.

சுபாங் ஜெயா போகும் வழியில் கார் மறுபடியும் உதறி நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அக்காவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் இன்னும் கண் விழிக்கவில்லை.

நான் பார்த்தது சரிதானா? தொழில் தெரிந்தவர் அப்படி மாட்டுவாரா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணியம் கை தவறியிருக்கலாம், போகட்டும். குனிந்தவரைப் பார்க்கவிடாமல் செய்தவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். பெற்ற பிள்ளையானாலும் சரி, சேகரை.