நாலு கோடும் காட்டிய போன்

அக்கா,

இன்று காலை கடைக்கு உன் போன் வந்தது. ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். அதே வெளிர்பச்சை முதுகு, ஓரத்தில் அதே வளைவு. கண்ணாடி ஒட்டச் சொல்லி ஒருவர் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஒட்டுவதற்கு முன் துடைக்கிற ஈரத்தாளின் உறையைக் கிழித்ததும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. லீவில் நீ மலையில் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் விரல்களில் இருந்த வாசனை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாய். அப்படியும் போகாது. "கம்பெனி வாசன களியிலயும் வருதுடி" என்பாய்.

துடைத்த பிறகு போனைத் திருப்பி, முதுகின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற மாடல் நம்பரைப் பார்த்தேன். எண் உன்னுடையதுதான். கடைசி எழுத்து மட்டும் வேறு. அப்படியென்றால் அது இங்கே விற்பதற்கென்றே செய்த போன். நம் மலையிலும் பேசும். உன்னுடையது அங்கே பேசாது.

அந்த வித்தியாசத்தால் அம்மா பட்டதை உனக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது. நீ போன பிறகு, ஆடியிலிருந்து தை வரைக்கும், உன் நம்பருக்கு ஒரு போன் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. எல்லோரும் உன்னை மறந்துவிட்டார்கள் என்று தனக்குள்ளேயே முடிவு கட்டிக்கொண்டாள். இதை நான் கடையிலும் சொல்லவில்லை, சித்தி வீட்டிலும் சொல்லவில்லை. நான் தயங்காமல் பேசிய ஆள் நீ ஒருத்திதான்.

ஓசூர்ப் பக்கம் அந்தப் போன் கம்பெனியில் உனக்கு ஸ்பிரிட்டால் துடைத்து லேபிள் ஒட்டுகிற வேலை. நான் ஒன்பதாவதோடு நின்று, மொரப்பூரில் சித்தி வீட்டில் தங்கி, இந்த மொபைல் கடைக்கு வரத் தொடங்கிய சமயத்தில் உன் வேலையைப் பற்றி நீ நிறையச் சொன்னாய். காலையில் ஒரு நாட்டுக்குப் போகிற பெட்டி, மத்தியானம் இன்னொரு நாட்டுக்கு. பெல்ட்டில் வருகிற போன் பார்வைக்கு ஒன்றுதான். ஒவ்வொரு நாட்டிலும் டவர் வெவ்வேறு அலைவரிசையில் ஓடுகிறது, அதற்கேற்ப உள்ளே இருக்கிற சாமான் மாறும், மாடல் நம்பரின் கடைசி எழுத்தும் மாறும். "மூஞ்சி ஒண்ணுதான்டி, ஊருதான் வேற" என்று சொல்லிவிட்டு, கையில் இல்லாத போனைப் பெட்டியில் வைத்து மூடுவதுபோலக் காட்டுவாய்.

அதே விஷயம் கடையில் எனக்குப் புகாராக வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவரும் போன்கள். "டவரு ஃபுல்லா காட்டுது, நெட்டு வருது, பேசறதுக்கு மட்டும் என்னாங்க கேடு?" என்று கவுண்டரைத் தட்டுவார்கள். சில போன்களில் நம் ஊர் ஃபோர்ஜியில் நெட் மட்டும்தான் ஓடும், பேச்சு ஓடாது. நான் மாடல் நம்பரைப் பார்த்துவிட்டுக் கடைக்கார அண்ணனிடம் தலையை ஆட்டுவேன். மீதியை அவர் பேசிக்கொள்வார். "இந்தப் பாப்பா வாயத் தொறக்காதுங்க. ஆனா தலைய ஆட்டிடுச்சுன்னா போனு பேசாதுன்னு அர்த்தம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஸ்குரூ டப்பாவுக்குள் எதையாவது தேடுவேன்.

உன் போனையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஹாஸ்டலில் ஒருத்தியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததை நீ வாங்கி, பொங்கல் லீவுக்கு எடுத்து வந்தாய். வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் நின்று அதைத் தூக்கித் தூக்கிப் பிடித்தாய்.

"நாலு கோடும் நிக்குது. ஒரு காலும் போவ மாட்டேங்குதுடி."

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். "அக்கா, இது நம்மூரு போன் இல்ல."

நீ என் தோள்மேல் சாய்ந்து அந்தக் கடைசி எழுத்தைப் படித்தாய். பிறகு பாறையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "லேபிளு ஒட்டறவ நானு! வாங்கறப்ப லேபிளப் பாக்கல பாரு. கலரத்தான்டி பாத்தேன்."

"ஓசூர்ல மட்டும் எப்படிப் பேசின?"

கேட்டுவிட்டு நானே யோசித்துச் சொன்னேன். அங்கே பழைய டூஜியும் இருக்கிறது. பேசுகிற நேரத்துக்கு மட்டும் உன் போன் அதில் இறங்கிக்கொள்ளும். நம் மலைக்குப் புதிதாக வந்த டவரில் ஃபோர்ஜி மட்டும்தான், இறங்குவதற்கு இடமில்லை.

"நல்லதாப் போச்சு. லீவுல சூப்பர்வைசரு கூப்புட முடியாது" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லிடாத. ஏமாந்துட்டேன்னு வருசம் பூரா சொல்லிக் காட்டும்" என்றாய்.

நாம் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அன்றைக்கு இருந்தது.

ஆனியில் காமாலையோடு வந்தாய். தருமபுரி ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆடி பிறந்தபோது நீ இல்லை.

அடக்கத்துக்கு உன் ஹாஸ்டலிலிருந்து மூன்று பெண்கள் மலை பஸ்ஸில் வந்தார்கள். நீ ஹாஸ்டலிலேயே விட்டுவந்த பையையும் போனையும் அவர்கள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். தளிப் பக்கத்திலிருந்து வந்த பாக்யா, வீட்டில் கன்னடம் பேசுகிற பெண், என்னிடம் வந்து, "உன் நம்பர் குடு, நாங்க பேசறோம்" என்றாள். நான் நம்பரைக் கொடுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் வெளியே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தை மாதம் வரை தெரியாது.

நான் மறுபடி மொரப்பூருக்கு வந்தேன். ஒரு கண்ணாடி, ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர் என்று பொழுது போனது. நாள் முழுக்க நின்று கால் வீங்கும். சித்தி கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். அம்மா பக்கத்து வீட்டு மாமா போனிலிருந்து எப்போதாவது பேசுவாள். மாதம் பிறந்தால் மட்டும் தவறாமல் பேசுவாள். "அவ நம்பருக்கு ரீசார்ஜு போட்டு வுடு சாமி." எதற்கு என்று நான் கேட்கவில்லை. போட்டோ பார்க்கத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகும்போதெல்லாம் உன் போன் அவள் மடியில் இருக்கும். சாமை புடைக்கும்போது முறத்துக்குப் பக்கத்தில் துணி விரித்து வைத்திருப்பாள். அன்றைக்கு யார் வீட்டுக்கும் போகமாட்டாள். தண்ணீருக்குப் போனாலும் முந்தானையில் முடிந்துகொண்டு போவாள்.

தையில் ஒரு ஞாயிறு போனபோது போன் அடுப்புக்கு மேலே பரணில் கிடந்தது. அணைந்திருந்தது.

"ஏம்மா, சார்ஜு போடலியா?"

"எதுக்கு? நீயும் இனிமே ரீசார்ஜு போடாத."

"என்னாச்சும்மா?"

"என்னா ஆவும்." அவரைக்காயை உரித்துக்கொண்டே பேசினாள். "மூணு பேரு வந்து என் கையப் புடிச்சிகினு அழுதாளுங்களே. வாரா வாரம் ஞாயித்துக்கெழம பேசறோம்மா, அக்கா நம்பருக்கே பேசறோம்னு சொன்னாளுங்க. ஒருத்தி பேசல. ஒண்ணாத் தின்னு ஒண்ணாப் படுத்தவளுங்க. மண்ணு காயறதுக்குள்ள மறந்துட்டாளுங்க. என் புள்ளயோட மதிப்பு அவ்ளோதான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பரணிலிருந்து போனை எடுத்தேன்.

"அம்மா, அந்தப் போனுக்கு இங்க காலு வராது."

"எனக்கு ஆறுதல் சொல்லாத."

"நெசமாம்மா."

"நாலு கோடும் நிக்குது, நானே பாத்தேன். பக்கத்து வூட்டுல அதே டவருலதான பேசறாங்க? இதுல மட்டும் வராதா?"

கடையில் தலையை ஆட்டினால் போதும். இங்கே மீதியைப் பேச அண்ணன் இல்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். வேறு நாட்டுக்கென்று செய்த போன், நம் டவரில் நெட் பிடிக்கும், பேச்சு பிடிக்காது, கூப்பிடுகிறவர்களுக்கு அணைத்து வைத்திருப்பதாகச் சொல்லும், இங்கே மணி அடிக்காது என்று.

"அவ போன் கம்பெனிக்காரி. அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும். கலரப் பாத்து வாங்கிட்டா. உன்கிட்ட சொல்ல வேணாம்னா."

அம்மா நம்பவில்லை. நான் சார்ஜ் போட்டு உன் போனை உயிர்ப்பித்து அவள் மடியில் வைத்தேன். நாலு கோடும் வந்து நின்றது. பக்கத்து வீட்டு மாமாவின் போனை வாங்கி உன் நம்பரைப் போட்டு அவள் காதில் வைத்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பதிவுக் குரல் சொன்னது. மடியில் உன் போன் வெளிச்சமாக, சத்தமில்லாமல் இருந்தது.

அம்மா மடியைப் பார்த்தாள். காதில் இருக்கிற போனிடமே பேசினாள். "பொய்யி சொல்றா பாரு. இங்கதான இருக்குது."

மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். அதே குரல். அவரைத் தோலை முந்தானையிலிருந்து தட்டிவிட்டு, "அப்ப அவளுங்க பேசியிருப்பாளுங்களா?" என்றாள்.

எனக்கு அது தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

சிம்மை எடுக்க ஊசியைக் குத்தப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "வுடு. அத எதுக்கு வெளிய எடுக்கற?" அதற்குள்ளிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பதுபோல இருந்தது அவள் பிடி. "சிம்முதாம்மா அவ நம்பரு" என்றேன். பிடியை விட்டாள். என் பழைய போனில் என் சிம்மைக் கழற்றி உன்னுடையதைப் போட்டேன்.

உடனே மணி அடித்துவிடவில்லை. சோறு தின்றோம். நான் மதிய பஸ்ஸை விட்டேன். அம்மா போனைப் பார்க்காததுபோல அங்கும் இங்கும் நடந்தாள். யாரும் பேசவில்லை என்றால் இவளை இன்னொரு முறை ஏமாற்றியவள் நானாகிவிடுவேன் என்று, போனில் கோடு நிற்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்து ஆடுகள் திரும்புகிற நேரம். அடித்தது.

அம்மாவுக்கு எடுக்கத் தெரியும். ஆனால் என்னிடம் நீட்டினாள். நான் பச்சையை இழுத்து அவள் காதிலேயே வைத்தேன்.

"அலோ… அம்மா? அம்மாவா?" பாக்யாவின் குரல் எனக்கே கேட்டது. "அய்யோ! ஏய், எடுத்துட்டாங்க, இங்க வாங்க எல்லாரும்! அம்மா, இத்தன மாசமா எங்கம்மா போனீங்க? வாரா வாரம் அடிச்சோம். சுச்சாஃப் சுச்சாஃப்னே வந்துச்சு. எங்க மேல கோவமோன்னு நெனச்சோம்."

"கோவமா? எனக்கா?"

"நம்பர மாத்திட்டாங்க, வுடுடின்னு இவ சொன்னா. எனக்கு ஞாயித்துக்கெழம ஷிப்டு முடிஞ்சா விரலு அதுவா அடிச்சிடும்மா."

அம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "போனு சரியில்ல கண்ணு. கம்பெனியில குந்தி லேபிளு ஒட்டறவ, வெறும் கலரப் பாத்து வாங்கி ஏமாந்துட்டா எம் பொண்ணு."

அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நீ பயந்தது சரிதான் அக்கா. அன்றிலிருந்து அம்மா அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். தண்ணீர் எடுக்கிற இடத்தில், ரேஷன் கடையில், யாரைப் பார்த்தாலும்.

நீ ஹாஸ்டலில் என்ன பாட்டு முணுமுணுப்பாய், யாருடைய குழம்பைத் திருடித் தின்றாய் என்றெல்லாம் அவர்கள் சொன்னார்கள். அம்மா நின்றுகொண்டே கேட்டாள். உன் ஹாஸ்டலைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் போனை அவளிடம் விட்டேன். உன் போனைக் கையில் எடுத்து, "இது மொரப்பூருல பேசுமா?" என்றாள்.

"பேசும். அங்க பழைய டவரும் இருக்குது."

"அப்ப நீ வெச்சிக்க. இங்க ஊமையாக் கெடந்தது போதும். எனக்கு அவ நம்பரு இருக்குது."

மொரப்பூருக்கு வந்து என் சிம்மை உன் போனில் போட்டேன். கொஞ்ச நாள் எதுவும் தோன்றவில்லை. எனக்குப் பெரும்பாலும் எதுவும் தோன்றுவதில்லை, களைப்பாக மட்டும் இருக்கிறது. ஒரு சாயங்காலம் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். உன் போன் அடித்தது. திரையில் உன் படம். கம்பெனித் தொப்பியும் முகமூடியுமாக, கண் மட்டும் தெரிகிற படம். கீழே 'நான்' என்று இருந்தது. ரீசார்ஜ் கடைகளில் பார்த்துச் சொல்ல உன் நம்பரையே நீ அப்படிப் பதிந்து வைத்திருக்கிறாய். அம்மா கூப்பிட்டால் நீதான் வருகிறாய்.

பெயரை மாற்ற எனக்கு ஒரு நிமிடம் போதும். கடையில் எத்தனையோ பேருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

தினமும் அதே நேரத்துக்கு அடிக்கிறது. உடனே எடுப்பதில்லை. கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் திரும்பிப் பார்த்தால்தான் எடுக்கிறேன்.

"எத்தன நேரம் அடிக்கறது? வேலையா சாமி?"

"ஆமாம்மா. கொஞ்சம் வேல."