அலமாரியில் பூட்டிய பம்பு

அம்மா முருங்கையிலை வறுக்கிற வாசம் வீடு முழுக்க. ஞாயிற்றுக்கிழமை டோர்ட்முண்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்குள் என் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊற வேண்டுமாம். இந்த இரத்தக் குறை பிறப்போடு வந்தது, கீரையால் மாறாது என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்பதில்லை. என் கிரேக்கத் தோழியே, உன் அம்மாவும் உனக்கு ஈரல் பொரித்துக் கட்டித் தந்தவர்தானே. இரும்பு மிஞ்சுவதுதான் உனக்கு ஆபத்து என்று வைத்தியர் சொன்ன பிறகும், இரத்தம் குறைந்த பிள்ளைக்கு ஈரல் கொடுக்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு பல் வைத்தியரிடம் நாம் ஒன்றாக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்த காலம். மூன்று கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு கன்னம் சிவக்க வருவாய்.

"இண்டைக்கு ஆரின்ரை இரத்தமடி?" என்பேன்.

"ஒரு பவேரியாக்காரன்ரை போல. காலமையே பியர் கேக்குது" என்பாய்.

நாம் பேசியது ஜேர்மன். நினைவில் மட்டும் நீ எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறாய்.

ஏற்றிய இரத்தத்தின் இரும்பு உடம்பில் தங்கிவிடும். அதை வெளியேற்ற, வயிற்றில் ஊசி குத்தி, சின்னப் பம்பொன்றை இடுப்பில் கட்டியபடி இரவு முழுக்கப் படுக்க வேண்டும். "கறல் பிடிச்ச இரும்புப் பொம்பிளை நான்" என்று சிரிப்பாய். உனக்கிருந்த தலசீமியா என்ற இந்த இரத்த நோய் கிரேக்கர்களிடம் மட்டுமில்லை, எங்கள் ஆட்களிலும் இருக்கிறது என்று விடாமல் நச்சரித்து என்னைச் சோதிக்க வைத்ததும் நீதான். எனக்கு நோயில்லை, அதன் பாதிக் கூறு மட்டும். உன் அம்மாவும் அப்பாவும் என்னைப் போன்றவர்கள்தான். இரண்டு பாதியும் உன்னில் வந்து சேர்ந்தன.

பிறகு கிரேக்கத்தில் தெசலோனிக்கிப் பக்கமிருந்து உனக்குச் சம்பந்தம் வந்தது. உங்கள் ஆட்கள் கூடும் தேவாலயத்தில் கதை பரவினால் உன் தங்கைகளையும் எவரும் கட்டமாட்டார்கள் என்று உன் அம்மா அழுதார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களை வேலை என்று சொல்லி மறைக்கலாம். ஒரே கட்டிலில் படுப்பவரிடம் பம்பை எப்படி மறைப்பது? அதைத் துணியில் சுற்றி அம்மா வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினாய்.

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன்.

"கொஞ்சக் காலம் போகட்டும். அவருக்கு என்னிலை பாசம் வரட்டும், சொல்லுறன்."

சொல்லவில்லை. கலியாணத்துக்குப் பின் வந்த இரண்டாவது மாரிக் குளிரில், வெளியேறாத இரும்பு சேர்ந்து உன் இதயம் நின்றுவிட்டது. வைத்தியர்கள் சொல்லித்தான் உன் கணவருக்கு எல்லாம் தெரிந்தது.

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அரைகுறை ஜேர்மனில் கேட்டார்: "எனக்குச் சொல்லியிருந்தா ஒவ்வொரு இரவும் நானே ஊசி போட்டு விட்டிருப்பனே. ஏன் சொல்லேல்லை?" உன் அம்மா பக்கத்தில்தான் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உன்மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லையடி.

இப்போது என் அம்மாவும் அதையேதான் சொல்கிறார். "ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி மட்டும் வாய் திறக்காதை பிள்ளை. முதல்லை கலியாணம் முடியட்டும்."

அவருக்குத் தெரியாமல் நேற்றே மாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உங்களிட்டையும் இந்தப் பாதி இருந்தா பிள்ளைக்கு முழு நோய் வரலாம். நீங்களும் ஒருக்கா இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ" என்றேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார். இதுவரை அழைப்பில்லை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவர் வரலாம், வராமலும் விடலாம். ஆனால் என்னைக் கட்டுகிறவர் எவராயிருந்தாலும், ஒருநாள் ஒரு குழந்தையின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, உன் கணவர் கேட்டதை என்னிடம் கேட்கக் கூடாது.