காதில் சொல்லாத சேதி

மார்ச் 9

பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு ஆண் குதிரைகளுக்கு இன்று என் புருஷன்தான் காயடித்தார். வழக்கம்போல் கத்தி எடுக்குமுன் காதருகே குனிந்து, “வலிக்கும்டா ராசா, பொறுத்துக்கோ” என்றார். சொல்லாமல் எந்தக் குதிரையையும் தொட்டதில்லை. வேலை முடித்து நிமிர முடியவில்லை. முதுகுவலி ஆறு மாதமாக.

மார்ச் 14

நரின் நகரத்து ஆஸ்பத்திரி. நர்ஸ் இவர் பெயரைக் கேட்டாள். புருஷன் பெயரை நான் சொல்வதா? கொழுந்தன் தாலாய் சொன்னான்.

டாக்டரம்மா எங்கள் இருவரை மட்டும் வெளியே கூப்பிட்டார். புரோஸ்டேட் கேன்சராம். முதுகெலும்புக்குப் போய்விட்டதாம்.

“ரெண்டு விதையையும் எடுத்துட்டா நோய்க்குத் தீனி நின்னுடும். ஊசியும் இருக்கு, ஆனா எப்ப வந்து சேரும்னு தெரியாது. தள்ளிப்போட்டா கால் விழுந்துடும். அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“கேன்சர்னு சொல்லாதீங்க அண்ணி, பயத்துலயே போயிடுவாரு” என்றான் தாலாய். எங்களில் யார்தான் நோயாளியிடம் சொல்லியிருக்கிறார்கள்? நானே சொல்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் தலையாட்டினேன்.

வெறும் வீக்கம், ரெண்டு விதையையும் எடுத்துவிட்டால் சரியாகும் என்று இவரிடம் சொன்னேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

“ஒரு வீக்கத்துக்கு எனக்கே காயடிக்கப் பாக்குறியா கிழவி? எடு செருப்பை, வீட்டுக்குப் போவோம்.”

மார்ச் 21

நவ்ரூஸ் புத்தாண்டு. பண்டிகைக்குக் காய்ச்சும் சுமலாக் கஞ்சியைக் கிளறும்போது வேண்டினால் பலிக்கும் என்பார்கள். ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டேன் - சொல்லிவிடத் தைரியம். வரவில்லை.

மார்ச் 26

தேநீர்க் கிண்ணத்தோடு எழுந்தார். விழுந்தார். கால் அசையவில்லை. ஐயோ, அசையவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“குதிரைக்கே காதுல சொல்லிட்டுத்தான் கத்தியெடுப்பேன். எனக்குச் சொல்லலையே நீ. சொல்லியிருந்தா அன்னைக்கே வெட்டிக்கோன்னு படுத்திருப்பேன்டி.”

பாவி நான்.

மார்ச் 28

நேற்று அறுவை சிகிச்சை நடந்தது. வலி குறைந்திருக்கிறதாம். கால்? “நாள் கடந்துடுச்சும்மா” என்றார் டாக்டரம்மா.

மே 19

ஊர்க் குதிரைகள் கோடை மேய்ச்சலுக்கு மலை ஏறின. சக்கர நாற்காலியில் வேலியருகே இருந்து பார்த்தார். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 4

டாக்டரம்மா போன் செய்தார். ஈரலுக்கும் வந்துவிட்டதாம். இனி வெட்ட ஒன்றுமில்லை. “அண்ணன்கிட்ட வேண்டாம் அண்ணி” என்று தாலாய் கையைப் பிடித்தான். உதறிவிட்டுப் போனேன்.

முற்றத்து வெயிலில் இருந்தார். குனிந்து, காதில், ஒன்றுவிடாமல் சொன்னேன்.

என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு, “சரி, டீ ஊத்து” என்றார். ஊற்றினேன்.