ஒன்றாம் இலக்கச் சட்டை

நேற்று தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கழுத்திலும் தோளிலும் தைலம் தேய்த்திருந்தார். மழைக்குக் கண்ணாடிகளை இழுத்து மூடியிருந்ததால் பஸ் முழுக்க அந்த வாசனைதான். மைதானத்துக்குப் பின்னாலிருந்த தகரக் கூரை அறையில், ஆட்டத்துக்கு முன்னால் நீ முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "அழுத்தித் தேயிடா, மாவா பெசையிற?" என்று கேட்பது போலவே இருந்தது. இருக்க முடியாமல், இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி மழையில் நடந்தேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

உன்னை ரக்பிக்குக் கொண்டுபோனது உன் தோள்தான். தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நீ கொழுந்துச் சாக்குகளை லொறியிலிருந்து இறக்குவதைப் பார்த்த ஒரு பயிற்சியாளர், ஜீப்பை நிறுத்தி, ரக்பி விளையாட வருவாயா என்று சிங்களத்தில் கேட்டார். அது என்னவென்றே தெரியாமல் தலையாட்டினாய். அதன்பிறகு பதினோரு வருடத்தில் ஐந்து கழகங்கள். கண்டியில் ஒன்று, கொழும்பில் இரண்டு, காலியில் ஒன்று, கடைசியாக மறுபடி நம் மலைக்கே வந்தாய். யாருக்காவது காயம் பட்டால் உன்னைக் கூப்பிடுவார்கள். அவன் தேறி வந்ததும் உன்னைப் பையைக் கட்டச் சொல்வார்கள். நீ கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

முன்வரிசைக்காரன் பிழைப்பு அப்படித்தான். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளைக் கோத்து முட்டித் தள்ளும்போது, அத்தனை பேருடைய பாரமும் முன்வரிசையின் கழுத்தில்தான் இறங்கும். பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் பெயர் பத்திரிகையில் வரும். உன் அம்மா ஒரே ஒரு தடவை நுவரெலியாவுக்கு ஆட்டம் பார்க்க வந்துவிட்டு, "ஏன்டா, ஒனக்கு மட்டும் யாருமே பந்து குடுக்க மாட்டேங்குறாங்க? ஏதும் சண்டையா?" என்று கவலையோடு கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ அன்று சிரித்த சிரிப்பில் கிழிந்த உதட்டிலிருந்து மறுபடி இரத்தம் வந்தது.

கழகத்துக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் நீதான். "எங்க தோட்டத்து லயத்துப் பையன் சேர். என்னைய விட உரமா தள்ளுவான்" என்று பொய் சொன்னாய். மூன்று வருடம் உனக்குப் பதிலாளாக வெளியே உட்கார்ந்திருந்தேன். இடப்பக்க முன்வரிசைக்கு ஒரே ஒரு சட்டைதான், ஒன்றாம் இலக்கம். அது உன்னுடையது.

அந்தக் கடைசி வருடம், பயிற்சி முடிந்து தலவாக்கலைக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். உன் இடக்கையிலிருந்து கோப்பை நழுவி விழுந்தது. நீ குனிந்து பொறுக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மச்சான், கை மரத்துப் போகுதுடா. கழுத்துல இருந்து சுள்ளுன்னு எறங்குது. ரெண்டு மாசமா இப்படித்தான்."

"டொக்டர்ட்ட காட்டுனியா?"

"காட்டுனா நிப்பாட்டிருவாங்க. இன்னும் மூணு மேட்ச்தான். சீசன் முடிஞ்சா கிளப் ஸ்டோர் வேலைய நிரந்தரமாக்குறோம்னு சொல்லியிருக்காங்க. யாருக்கும் சொல்லிராத."

சொல்ல மாட்டேன் என்று என் அம்மா மேல் சத்தியம் செய்தேன்.

முதல் ஆட்டம் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் மூடுபனி இறங்கி எதிர்ப்பக்கம் தெரியாமல் இருந்தது. முட்டித் தள்ளும்போது நம் பக்கம் சரிந்து எல்லோரும் குவியலாக விழுந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். நீ மட்டும் முகம் குப்புறக் கிடந்தாய். வெளியே உட்கார்ந்திருந்த நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? குளிருக்குப் போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றினேன். உன் பக்கம் ஓடி வரவில்லை. கழற்றி மடித்து வைத்துவிட்டு, உள்ளே போகத் தயாராக நின்றேன். 'எழும்பிராத' என்று மனதுக்குள் சொன்னேன். ஒரு நொடிதான். ஆனால் சொன்னேன்.

நீ எழுந்துவிட்டாய். நான் மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை, அடுத்த வருடத்துக்கு என்னை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். செவ்வாய்க்கிழமை காலையிலேயே பயிற்சியாளர் அறைக்குப் போய், உன் கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

உன்னைக் கண்டிக்கு அனுப்பிப் படம் எடுத்தார்கள். கழுத்தெலும்புகளுக்கிடையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இன்னொரு தடவை அது மடங்கியிருந்தால் கைகால் போயிருக்கும் என்றார் டொக்டர். அன்றோடு உன் ஆட்டம் முடிந்தது. சனிக்கிழமை நான் ஒன்றாம் இலக்கச் சட்டையில் இறங்கினேன். கழுத்துப் பட்டையோடு கயிற்றோரம் நின்று, "தலையத் தூக்குடா! முதுக நேரா வையி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாய். ஆட்டம் முடிந்ததும் வந்து என் தலையை உன் மார்போடு அணைத்தாய்.

"கோச் சொன்னாரு. நீதான் சொன்னியாமே. சத்தியத்த மீறிட்டேனேன்னு வருத்தப்படாத. நீ சொல்லலேன்னா நான் கட்டில்லதான் கெடந்துருப்பேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். உன் மேல் அக்கறை என்றால் கோப்பை விழுந்த அன்றைக்கே போயிருப்பேன். இரண்டு ஆட்டம் உன்னை அந்தக் கழுத்தோடு விளையாட விட்டேன். என் இடம் போகப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு உன் கழுத்து ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் உன் மார்பில் சாய்ந்தபடி அழுதேன். நன்றியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

ஸ்டோர் வேலையை எனக்குத்தான் கொடுத்தார்கள். இன்றும் அதில்தான் இருக்கிறேன். நீ பூண்டுலோயாவுக்குப் போய் மரக்கறிக் கடை போட்டாய். ஒரு கையாலேயே தராசைப் பிடித்தாய். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "என் கழுத்தக் காப்பாத்துனவன்" என்றாய். உன் மகள் சடங்கில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் அதையே சொன்னாய்.

நெஞ்சுவலி வந்த அன்று பக்கத்தில் நான் இல்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து சனம் கலைந்த பிறகு, உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேல்சட்டையைக் கழற்றியது வரை சொன்னேன். கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"அவரு அது தெரியாமலே போயிட்டாருண்ணே. சந்தோசமா போனாரு. எங்கிட்ட ஏன் கொண்டாந்து எறக்குறீங்க? இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஒங்களோடயே இருக்கட்டும். புள்ளைக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சரி என்றேன். இன்னொரு சத்தியம்.

போன வாரம் ஹட்டன் கடைத்தெருவில் உன் மகளைக் கண்டேன். கூட வந்த கூட்டாளியிடம் என்னைக் காட்டி, "அப்பாவக் காப்பாத்துன மாமா இவங்கதான்" என்றாள். அந்தப் பிள்ளை மரியாதையோடு கைகூப்பியது.

நானும் கைகூப்பினேன்.