உயிரோடிருக்கும் தந்தையரை நேர்முகத் தேர்வில் இறந்தவராக்கும் பயிற்சியை நிறுத்தக் கோருதல்

அனுப்புநர்:
இறுதியாண்டு முடித்த மாணவன் ஒருவனின் தந்தை,
ஏசி மெக்கானிக் (ஒப்பந்தப் பணி).

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக அலுவலகம்.

பொருள்: வேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தின் மீது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வேலை பார்க்கும் நிறுவனத்திற்குத் தங்கள் மாணவர்கள் சென்ற வாரம் நேர்முகத் தேர்வுக்கு வந்தார்கள். அவர்களில் என் மகனும் ஒருவன். அவனுக்குச் சட்டென்று வேர்த்துவிடும். தேர்வு நடக்கும் அறை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று, பக்கத்து அறையில் ஏணி போட்டு நானே ஏசியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இரண்டு அறைக்கும் மேற்கூரை ஒன்றுதான். பேசுவதெல்லாம் கேட்கும்.

2. வாழ்வில் சந்தித்த பெரிய சோதனை எது என்று கேட்டார்கள். "நான் ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப அப்பா தவறிட்டாரு. குடும்பத்தை நான்தான் பார்த்துக்கறேன்" என்றான் என் மகன். அங்கிருந்த அம்மையார் அவனைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அடுத்து வந்த இரு மாணவர்களின் தந்தையரும் அதே வார்த்தைகளில் இறந்துபோனார்கள். அதில் ஒருவர் என் நண்பர். அன்று காலை தன் மகனை வண்டியில் கொண்டுவந்து விட்டவரே அவர்தான்.

3. வீட்டில் விசாரித்தேன். "சென்டர்ல எல்லாருக்கும் அதான்பா சொல்லிக்குடுத்தாங்க. சும்மா ஒரு பதில்தானே" என்றான். மாலை நேரங்களில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்து, ஒருநாள்கூடத் தாமதமாகப் போகாதவன் அவன். அதைச் சொன்னால் எடுபடாது என்று, அவன் எழுதிய பதிலிலிருந்து பயிற்சியாளர் அதை அடித்து நீக்கிவிட்டாராம்.

4. வேலை கிடைத்துவிட்டது. ஆபீசில் தன்னைத் தெரியாதவர்போல் நடந்துகொள்ளச் சொன்னான். நானும் தலையாட்டினேன். அதை எழுதவே கூசுகிறது.

5. இன்று அவன் பணியில் சேர்ந்தான். லிப்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். இருந்தும், "எத்தனாவது மாடி சார்?" என்று கேட்டேன். "நாலு" என்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

6. உழைத்ததை உள்ளபடி சொல்லத் தங்கள் மையம் இனியாவது கற்றுத்தர வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்கள் தேர்வுக்குப் போகும் முன் இதில் உத்தரவு பிறப்பிக்குமாறு பணிந்து கேட்கிறேன்.

7. பெயரில்லா மனுவை ஏற்கமாட்டீர்கள் என்று அறிவேன். என் பெயரை எழுதினால் அவன் யாரென்று தெரிந்துவிடும், வேலை போய்விடும். மன்னிக்கவும் ஐயா, எழுதக் கை வரவில்லை.

இடம்: ஏசி இயந்திர அறை
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
அவன் அப்பா